டிசெக்ஷன் ஹாலில் எண்ணாமல் விட்ட கால்கள்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் அனாட்டமித் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார், மேடம் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். வாய்ப் புற்றுநோயால் தாடை எலும்பை இழந்தவர்களுக்குக் காலிலிருந்து எலும்பு எடுத்துப் புதுத் தாடை வைப்பது என் அன்றாட வேலை. பெயர் வேண்டாம், உங்களில் யாரோ ஒருவரின் மாணவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய மதிப்பெண் சுமார்தான், நினைவிருக்க வாய்ப்பில்லை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முதலாண்டில் எங்கள் மேஜைக்கு வந்த உடலின் வலது காலை நாங்கள் ஆறு பேர் சேர்ந்து அறுத்தோம். முழங்கால் குழியைத் திறந்து, கொழுப்பை நோண்டி எடுத்து, ஆடுசதையை விலக்கியபோது, பின் டிபியல் தமனி இருக்க வேண்டிய இடத்தில் தையல் நூல் தடிமனுக்கு ஏதோ ஒன்று கிடந்தது. பக்கத்தில், ஃபிபுலா என்ற மெல்லிய வெளிப்பக்கக் கால் எலும்பை ஒட்டி, வழக்கத்தைவிடத் தடித்த ஒரு தமனி. கையேட்டைப் புரட்டினோம். படத்தில் அப்படி இல்லை. டியூட்டரைக் கூப்பிட்டோம். பாவம், அவருக்கு அன்று பதினைந்து மேஜை. எட்டிப் பார்த்துவிட்டு, "தமனியை வெட்டிட்டீங்கப்பா, நரம்பை வச்சுக்கிட்டு முழிக்கிறீங்க. புத்தகத்தில் இருக்கிறதை ரெக்கார்டில் வரைஞ்சுடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். வரைந்தோம். சிவப்புப் பென்சிலால் மூன்று தமனிகள், ஒழுங்காக, ஒரே தடிமனில். கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அந்தக் காலில் மெய்யாக என்ன இருந்தது என்பதை ஒரு காகிதத்திலும் எழுதவில்லை.

இருபது வருடம் கழித்து அதே கால் என் ஆபரேஷன் மேஜைக்கு வந்தது. உடல் வேறு, ஆள் வேறு. அமைப்பு அதேதான்.

அனாட்டமி படிக்காதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். தஞ்சாவூர்ப் பக்கத்து நோயாளிகளிடம் நான் கல்லணையை வைத்துத்தான் சொல்வேன். கல்லணையில் வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்குப் பிரிகிறதல்லவா, அதுபோல முழங்காலுக்குப் பின்னால் பாப்லிட்டியல் என்ற ஒரே தமனி வந்து மூன்றாகப் பிரிகிறது. ஒன்று எலும்புகளுக்கு நடுவே புகுந்து முன்பக்கம் வந்து இறங்கும். அது முன் டிபியல். கணுக்காலைத் தாண்டியதும் அதற்கு டார்சாலிஸ் பீடிஸ் என்று பெயர் மாறும். புறங்காலில் கை வைத்தால் துடிப்பது அதுதான். இன்னொன்று பின் டிபியல். உள்பக்கக் கணுவுக்குப் பின்னால் சுற்றி உள்ளங்காலுக்குப் போகும். மூன்றாவது பெரோனியல். புதிய பெயர் ஃபிபுலர், ஆனால் எங்களுக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. அது ஃபிபுலா எலும்பை ஒட்டி, தசைக்குள் புதைந்து ஓடி, கணுக்காலுக்கு மேலேயே சிறு கிளைகளாக முடிந்துவிடும். பாதம்தான் கடைமடை. வாய்க்காலுக்கும் கால் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். காரணம் வேறாக இருந்தாலும் எனக்கு வசதியாகப் போயிற்று.

ஃபிபுலாவை எடுத்தால் கால் நடக்கும். உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது பக்கத்திலிருக்கும் தடித்த எலும்பான டிபியா. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லரும் கூட்டாளிகளும் 1975-இல் ஃபிபுலாவை ரத்தக் குழாயோடு எடுத்து வேறு இடத்தில் வைக்கும் முறையை வெளியிட்டார்கள். 1989-இல் ஹிடால்கோ என்ற சர்ஜன் அதையே கீழ்த்தாடைக்குப் பயன்படுத்திக் காட்டினார். அப்புறம் உலகமெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. எலும்போடு கூடவே எடுப்பது பெரோனியல் தமனியை. மூன்றில் ஒன்றை எடுத்தாலும் மீதி இரண்டு பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் இந்த ஆபரேஷனின் முழு நம்பிக்கையும்.

அந்த மீதி இரண்டு இல்லாவிட்டால்?

அன்று வந்தவர் நாற்பதைத் தாண்டியவர், லேத் பட்டறைத் தொழிலாளி. பல வருடங்களாகப் புகையிலையும் பாக்கும் அடக்கியதில் இடது தாடையில் புற்று. முந்தின நாள் மாலை நானே காலைத் தொட்டுப் பார்த்தேன். புறங்காலில் துடிப்பு நன்றாக இருந்தது. உள்கணுவுக்குப் பின்னாலும் இருந்தது. ரத்தக் குழாய்களைப் படமாகக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்க நினைத்தோம். அந்த வாரம் இயந்திரம் பழுது. தள்ளிப்போட்டால் புற்று காத்திருக்காது. இரண்டு நாடியும் இருக்கிறதே என்று துணிந்தோம்.

தோலைத் திறந்து தசைகளை விலக்கியபோது பெரோனியல் இருக்க வேண்டியதைவிடத் தடிமனாக இருந்தது. என் கை அங்கேயே நின்றுவிட்டது. உள்பக்கமாகத் தேடிப் பார்த்தேன். பின் டிபியல் நூலாகக் கிடந்தது. முதலாண்டு ஹாலின் ஃபார்மலின் வாடை மூக்கில் அடித்தது என்று சொன்னால் மிகை என்பீர்கள்; ஆனால் அடித்தது. பெரோனியலை ஒரு சிறு கிளாம்ப்பால் பிடித்துவிட்டு, ரத்தத்தை நிறுத்தத் தொடையில் கட்டியிருந்த டூர்னிகே பட்டையைத் தளர்த்தச் சொன்னேன். தொடையில் ரத்தம் வந்தது, முழங்காலில் வந்தது. விரல்கள் வெள்ளையாகவே இருந்தன. ரத்த ஓட்டத்தைக் காதில் கேட்க வைக்கும் டாப்ளர் கருவியை வைத்தால் சத்தமே இல்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளாம்ப்பை எடுத்தேன். பெருவிரல் முதலில் சிவந்தது.

காலை மூடிவிட்டோம். தாடைக்கு உலோகத் தகடும், மார்பிலிருந்து எடுத்த தசையும் தோலும் வைத்து முடித்தோம். பிறகு எடுத்த சி.டி.யில் அவருடைய இரண்டு கால்களும் ஒரே மாதிரி இருந்தன: பாதத்துக்கு வரும் ரத்தம் அத்தனையும் பெரோனியல் வழியாகத்தான். அவருக்குக் கால் தப்பியது. ஆனால் தாடையில் எலும்பு இல்லாததால் பல் கட்ட வழியில்லை. குழைத்த சோறுதான். ஒவ்வொரு முறை வரும்போதும் அவர் மனைவி, "எப்ப சார் இவரு முறுக்கு திம்பாரு" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். எனக்குச் சிரிப்பு வராது.

இந்த அமைப்புக்குப் பெயர் உண்டு: பெரோனியா ஆர்ட்டீரியா மேக்னா. பெரிய பெரோனியல் தமனி என்று பொருள். முன் டிபியலும் பின் டிபியலும் வளராமலோ பாதி வழியில் வற்றியோ போக, பெரோனியல் மட்டும் இறங்கி வந்து, கணுக்கால் அருகே முன்னுக்கு ஒரு கிளையும் பின்னுக்கு ஒரு கிளையும் அனுப்பிப் பாதம் முழுவதையும் நனைக்கிறது. இதில்தான் பொறி இருக்கிறது. கணுக்காலில் வழக்கமான இரண்டு இடங்களிலும் துடிப்பு கிடைக்கும். கை வைத்துப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வந்தது என்று வயலில் நின்றுகொண்டு சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. போன வருடம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரை ஒரு முகாமிலிருந்து அனுப்பியிருந்தார்கள். சர்க்கரை நோய் உண்டு. புறங்காலில் நாடி இல்லை என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. காலை எடுத்துவிடுவார்களோ என்று இரண்டு இரவு தூங்கவில்லையாம். பாதம் வெதுவெதுப்பாக, ரோமத்தோடு, நகம் பளபளப்பாக இருந்தது. வழக்கமான இடத்தை விட்டு விரலை வெளிப்பக்கமாக நகர்த்தினேன். வெளிக்கணுவுக்கு முன்னால் நாடி அழகாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு முன் டிபியல் மெலிந்துபோய், பெரோனியலின் துளைக்கிளை கணுக்காலுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் மேலே எலும்பிடைச் சவ்வைத் துளைத்து முன்னால் வந்து டார்சாலிஸ் பீடிஸின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். "அறுபத்து மூணு வருஷமா இந்தக் கால்லதான் டீச்சர் நடந்திருக்கீங்க" என்றேன். அழுதுவிட்டார்.

2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. அவர்கள் அத்தனை பேருக்கும் வருடத்துக்கு ஒரு முறையாவது பாதத்தைத் தொட்டு நாடி பார்க்க வேண்டும். பார்க்கிற கைகளுக்கு நாம் ஒரே ஒரு இடத்தைத்தான் காட்டிக் கொடுத்திருக்கிறோம்.

ஏன் பெரோனியல் மட்டும் எப்போதும் கைகொடுக்கிறது என்பது எனக்குப் பிடித்த கதை. கருவில் காலுக்கு முதலில் ரத்தம் கொண்டுவருவது தொடையின் பின்பக்கமாக, சியாடிக் நரம்போடு ஓடும் ஓர் அச்சுத் தமனி. பிறகு முன்பக்கத்திலிருந்து ஃபெமரல் தமனி வளர்ந்து வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ள, பழைய தமனி பெரும்பாலும் மறைந்துவிடும். ஆறு தடம் மாறினாலும் பழைய தடத்தில் அங்கங்கே மடு நிற்பதுபோல அதன் மிச்சங்கள் நிற்கின்றன. முழங்காலுக்குப் பின்னால் பாப்லிட்டியலின் ஒரு பகுதி அப்படிப்பட்ட மிச்சம். பெரோனியல் இன்னொன்று. டிபியல் தமனிகள் பின்னால் வந்தவை. எச்.டி. சீனியர் என்ற அனாட்டமி ஆய்வாளர் 1919-இல் இதை நிதானமாக எழுதிவைத்தார். அதனால்தான் டிபியல்கள் இல்லாத கால் கிடைக்கிறது. பெரோனியலே இல்லாத கால் கிடைப்பது மிக மிக அபூர்வம். அரிதாகச் சிலருக்குப் பழைய சியாடிக் தமனி மறையாமல் முழுசாகவே நின்றுவிடும். அவர்களுக்கு இடுப்பு மடிப்பில் நாடி கிடைக்காமல் முழங்காலுக்குப் பின்னால் கிடைக்கும்! பிறவி வளைபாதக் குழந்தைகள் பலருக்கு முன் டிபியல் மெலிந்திருப்பதும் இதே வளர்ச்சிக் கதையோடு சேர்ந்ததுதான். குதிநாணை அறுத்துவிடும்போது எலும்பியல் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அது.

எலும்பியல் என்றதும் இன்னொன்று. சிலருக்குப் பாப்லிட்டியல் தமனி முழங்கால் மூட்டு மட்டத்திலேயே, வழக்கத்துக்கு மேலேயே, பிரிந்துவிடும். அப்போது முன் டிபியல் சில சமயம், முழங்காலின் பின்பக்கமிருக்கும் பாப்லிட்டியஸ் என்ற சிறு தசைக்குப் பின்னால் போகாமல் முன்னால் போகும். அதாவது தசைக்கும் எலும்புக்கும் நடுவே, டிபியாவின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு. முழங்கால் மாற்று ஆபரேஷனில் ரம்பம் எலும்பைத் தாண்டினால் முதலில் தொடுவது அதைத்தான். வழக்கமான அமைப்பில் நடுவே மெத்தைபோல ஒரு தசை இருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன்.

இப்படிப்பட்ட கால்கள் எத்தனையில் ஒன்று? நாங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரை ஒன்று உண்டு. 1989-இல் அமெரிக்காவில் கிம், ஆரன், ஸ்கில்மேன் மூவரும் ஆயிரம் ஆஞ்சியோகிராம்களைப் புரட்டி, தெளிவாகத் தெரிந்த 605 கால்களை வகைப்படுத்தினார்கள். 92.2 சதவீதம் புத்தகத்தில் உள்ளதுபோல இருந்தன. மீதி ஏறத்தாழ எட்டு சதவீதம் வேறு மாதிரி. முப்பது வருடத்துக்கு மேலாகியும் இன்றும் அந்த வகைப்பாட்டின் எண்களைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பெரிய பெரோனியல் எத்தனை பேருக்கு என்று கேட்டால், வெளியான கணக்குகள் 0.2 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதம் வரை போகின்றன. ஐந்நூறில் ஒன்றா, பன்னிரண்டில் ஒன்றா? ஐந்நூறில் ஒன்று என்றால் எல்லோருக்கும் சி.டி. எடுக்க வேண்டுமா என்று யோசிக்கலாம். பன்னிரண்டில் ஒன்று என்றால் எடுக்காமல் கத்தியைத் தொடவே கூடாது. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நின்றுகொண்டு நான் வாராவாரம் ஃபிபுலா எடுக்கிறேன்.

இப்போது உங்கள் பக்கம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகள் மட்டும் 36. ஒரு பேச்சுக்கு, கல்லூரிக்கு வருடம் பத்து உடல்கள் அறுக்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து உடல், இருபது கால், 36 கல்லூரி: 720 கால்கள். உலகமே மேற்கோள் காட்டும் அந்த 605-ஐ ஒரே வருடத்தில் தாண்டிவிடுகிறோம். எட்டு சதவீதம் என்றால் அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கால்கள் புத்தகத்துக்கு மாறானவை. அந்த ஐம்பதும் ஒவ்வொரு வருடமும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் கண் முன்னால் திறக்கின்றன. "வெட்டிட்டீங்கப்பா" என்ற ஒரு சொல்லோடு, அறுத்த துணுக்குகள் போகும் வாளிக்குப் போய்விடுகின்றன.

நீங்கள் எதையும் எழுதுவதே இல்லை என்று சொல்லமாட்டேன். விசித்திரமாக ஒன்று கிடைத்தால் முதுகலை மாணவரைக் கூப்பிட்டுப் படம் பிடித்து, ஒரு கேஸ் ரிப்போர்ட் எழுதி அனுப்புகிறீர்கள். பதவி உயர்வுக்கும் அது உதவுகிறது, தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு என்னைப் போன்றவன் என்ன செய்வது? இப்படியும் ஒன்று இருக்கிறது என்று தெரிகிறது. எத்தனையில் ஒன்று என்று தெரியவில்லை. சந்தையில் ஒருவன் ஒற்றை அழுகல் தக்காளியைத் தூக்கிக் காட்டினால், கூடையில் எத்தனை தக்காளி என்று நாம் கேட்கமாட்டோமா? கூடையை எண்ணுகிறவர் இல்லை. ஆகவே நான் கேட்பது விசித்திரமான கால்களை அல்ல. சாதாரணக் கால்களை. புத்தகத்தில் உள்ளபடியே இருந்த அந்த 660 சலிப்பூட்டும் கால்களையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள் என்கிறேன்.

ஒரு காலுக்கு ஒரு தாள் போதும். பாப்லிட்டியல் எங்கே பிரிகிறது, மூட்டுக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே. முன் டிபியல் பாப்லிட்டியஸ் தசைக்கு முன்னாலா பின்னாலா. மூன்று தமனிகளின் வெளிவிட்டம், மேலே ஒரு தடவை, கணுக்கால் அருகே ஒரு தடவை. டார்சாலிஸ் பீடிஸ் எதிலிருந்து வருகிறது, கட்டைவிரல் தசைநாணுக்கு எவ்வளவு தள்ளி ஓடுகிறது. ஒரு படம், அளவுகோலோடு. விட்டம் அளக்கும் காலிபர் ஒன்று இருந்தால் இருபது நிமிட வேலை. முழங்கால் குழியைத் திறக்கும் வாரத்தில் செய்துவிட வேண்டும். பரீட்சை நெருங்கும்போது தேடினால் பாதி தமனி இருக்காது, எங்கள் காலத்திலும் இருந்ததில்லை.

பாதத்தையும் விட்டுவிடாதீர்கள். பாதத்தைச் சோம்பேறித்தனமாகத்தான் அறுக்கிறோம், எல்லாக் கல்லூரிகளிலும். புறங்காலில் வில்போல வளைந்து விரல்களுக்குக் கிளை அனுப்பும் ஆர்குவேட் தமனி என்று ஒன்றை எல்லோரும் ரெக்கார்டில் வரைந்திருப்போம். அந்த வடிவில் அதை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பல கால்களில் அந்த வில் இருப்பதே இல்லை. புறங்காலின் டார்சல் கிளைகளும் உள்ளங்காலிலிருந்து மேலே வரும் கிளைகளும் சேர்ந்து அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. உள்ளங்காலின் ஆழ்ந்த வளைவுக்கு ரத்தம் பெரும்பாலும் புறங்காலிலிருந்து, முதல் இரண்டு விரல் எலும்புகளின் நடுவே இறங்கி வருகிறது; சிலருக்கு உள்ளங்காலின் வெளிப்பக்கம் ஓடும் லேட்டரல் பிளான்டர் தமனி பெரும்பங்கு கொடுக்கிறது. ஆறாத குதிகால் புண்ணோடு ஒருவர் வந்தால், எந்தத் தமனியைத் திறந்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போகும் என்று ரத்தநாள சர்ஜன் முடிவெடுப்பது இந்த வரைபடத்தை வைத்துத்தான். சர்க்கரை நோயில் டிபியல்கள் இரண்டும் அடைத்துப்போய், பெரோனியல் மட்டும் கடைசிவரை தாக்குப்பிடிப்பது அடிக்கடி காணும் காட்சி.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகள் எனக்குத் தெரியும். சிலவற்றில் நியாயம் இருக்கிறது.

ஹாலுக்கு வருவது பெரும்பாலும் முதியவர்களின் உடல். மெலிந்த தமனி பிறவியிலேயே மெலிந்ததா, வயதில் அடைத்ததா என்று எப்படிப் பிரிப்பது? உண்மை, எப்போதும் பிரிக்க முடியாது. ஆனால் சுண்ணாம்பு படிந்து கெட்டியான தமனி விரலுக்குத் தெரியும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் இன்னும் தெரியும். பெரோனியல் பெருத்து, அதன் கிளை நேராகப் புறங்காலுக்குள் போனால் அது பிறவி அமைப்பு என்பதற்கு நல்ல சாட்சி. சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்று எழுதுங்கள். அதுவும் தகவல்தான்.

இந்தக் காலத்தில் சி.டி. இருக்கும்போது அறுத்து எண்ணுவானேன் என்று ரேடியாலஜி நண்பர் ஒருவர் கேட்டார். கால் ஆஞ்சியோகிராம் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கால் கெட்டுப்போனவர்கள். அடைத்துப்போன தமனியும் பிறக்காத தமனியும் படத்தில் ஒரே மாதிரி இருட்டாகத்தான் தெரியும். கிம் குழுவினர் பார்த்ததும் ஆஞ்சியோகிராம்கள்தான், அந்தக் குறை அவர்களுக்கும் உண்டு. சுண்ணாம்பு படிந்த சன்னத் தமனிகளை சி.டி. சரியாகக் காட்டுவதும் இல்லை. உங்கள் மேஜையில் கிடப்பதோ திறந்து, தொட்டு, புரட்டிப் பார்க்கக்கூடிய கால்.

நேரமில்லை, ஆளில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. புதிய கல்லூரிகளில் துறைகள் எப்படி ஓடுகின்றன என்று கேள்விப்படுகிறேன். ஆனால் வேலையைச் செய்யப்போவது மாணவர்கள். சிவப்புப் பென்சிலால் இல்லாத தமனியை வரைய அவர்களுக்கு இப்போது செலவாகும் மணி நேரங்களை இதற்குத் திருப்பிவிட்டாலே போதும். தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தில் உடலை முதல் ஆசிரியராக மதிக்கச் சொல்லி முதலாண்டிலேயே தனிப் பகுதி இருக்கிறது. உறுதிமொழி எடுக்கிறோம், பூ வைக்கிறோம். அந்த ஆசிரியர் பாடமெடுக்கும்போது "நீ சொல்வது புத்தகத்தில் இல்லை" என்று வாயை மூடுகிறோம்.

பழைய ஆட்கள் இப்படி இல்லை. லண்டனில் ரிச்சர்ட் குவெய்ன் ஆயிரத்தை ஒட்டிய உடல்களில் தமனிகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து 1844-இல் பெரிய படத் தொகுப்பாக வெளியிட்டார். எக்ஸ்ரேகூட இல்லாத காலம். அந்த உடல்கள் யாருடையவை என்பது வேறு கதை. 1832-இன் உடற்கூறியல் சட்டத்துக்குப் பிறகு அங்கே மேஜைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கேட்க நாதியில்லாத ஏழைகள். 1858-இல் வந்த கிரேயின் புகழ்பெற்ற அனாட்டமி நூலும் தமனிகளின் மாறுபாடுகளுக்கு ஆங்காங்கே தனித் தலைப்புப் போட்டு இடம் கொடுத்தது. ஜப்பானில் புந்தாரோ அடாச்சி தன் நாட்டு மக்களின் தமனிகளை எண்ணி 1928-இல் இரண்டு தடித்த தொகுதிகளாகப் போட்டார். ஐரோப்பியர் எண்ணியதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம், அவர் இருக்கவில்லை.

கிரேயின் நூலுக்குப் படம் வரைந்த கார்ட்டரைப் பற்றி ஒரு துணுக்கு, கடிதத்துக்குச் சம்பந்தம் கொஞ்சம்தான். நூல் வெளியான அதே 1858-இல் அவர் பம்பாய்க்கு வந்துவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அனாட்டமி சொல்லிக் கொடுத்தார். இங்கே அவரை இழுத்துப் பிடித்த நோய் எது தெரியுமா? 1842-இல் மதுரை மருந்தகத்தில் ஜான் கில் பதிவுசெய்ததால் மதுரைக் கால் என்று உலகம் அழைத்த பாத நோய். அது ஒரு பூஞ்சை செய்யும் வேலை என்று காட்டியவர் கார்ட்டர். வெறுங்காலோடு வயலில் நடந்தவர்களின் பாதத்தை உட்கார்ந்து வரைந்து, வெட்டிப் பார்த்து, எழுதிவைத்தார்.

இந்தத் தாள்களை ஒரே இடத்தில் சேர்த்துவைக்க டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் முன்வந்தால் நல்லது. வராவிட்டால் மூன்று நான்கு கல்லூரிகள் தங்களுக்குள் ஆரம்பித்துவிடலாம். பெயர், முகம், ஊர் எதுவும் வேண்டாம். மேஜை எண், ஆண் பெண், ஏறத்தாழ வயது போதும். நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள், பின்னால் வாங்குவது தலைவலி. கொடி குத்திய உறுப்பைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஸ்பாட்டர் பரீட்சையில் ஒரு மாறுபட்ட காலையும் கொடி குத்தி வைத்து, "இது என்ன?" என்பதோடு "இதில் என்ன வித்தியாசம்?" என்றும் ஒரு கேள்வி கேட்டால் பிள்ளைகள் தானாகவே தேட ஆரம்பிப்பார்கள். மதிப்பெண்ணுக்காக எதையும் தேடுவோம் நாங்கள்.

எனக்கு வியாழக்கிழமை மதியம் ஆபரேஷன் கிடையாது. முழங்கால் குழி திறக்கும் வாரத்தில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்துக்குள் எந்தக் கல்லூரியானாலும் வந்துவிடுகிறேன். காலிபர் நானே கொண்டு வருகிறேன். கோட்டும் கையுறையும் மட்டும் ஒரு செட் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ரெக்கார்டில் பொய் வரைந்த உங்கள் பழைய மாணவன்